பிராங்கோஸ்கோப்பி: வாப்பாவை முழுசாக மயக்கிச் செய்யச் சொல்லலாமா?

மேலப்பாளையத்தான்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். ஆஸ்பத்திரி விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாப்பாவுக்கு 66 வயது, எடை ஐம்பது கிலோதான் இருக்கும். சின்ன வயதிலிருந்து பீடி குடித்தவர், விட்டு சில வருஷம் ஆகிறது. உம்மா வீட்டிலேயே பீடி சுற்றுவதால் புகையிலைத் தூள் எப்போதும் உண்டு. கொஞ்ச நாளாகச் சளி, எடையும் இறங்குகிறது. சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, அது என்னவென்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதாம். பாளையங்கோட்டையில் பார்க்கிற நெஞ்சு டாக்டர், பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூக்கு வழியாக வளைகிற குழாயை விட்டு நுரையீரலுக்குள் பார்க்கிற டெஸ்ட், செய்து உள்ளே கழுவி எடுத்த தண்ணீரை டெஸ்டுக்கு அனுப்பலாம், தேவைப்பட்டால் துளி சதையும் எடுக்கலாம் என்றார்.

வாப்பாவும் சரி என்றுதான் இருந்தார். அதற்குள் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு இதே டெஸ்ட் செய்தபோது நாலு பேர் கையைக் காலைப் பிடித்ததாகவும், இருமி இருமி உயிரே போய்விடும் என்று நினைத்ததாகவும் கதை கதையாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாப்பா ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம், இப்படியே இருந்துட்டுப் போறேன்’ என்று படுத்துக்கொள்கிறார். சாதாரணமாகவே அவருக்கு இருமல் பிடித்தால் லேசில் நிற்காது.

நெஞ்சு டாக்டர் தொண்டையை மரக்க வைத்துத்தான் செய்வேன், வேண்டுமென்றால் கொஞ்சம் தூக்க மருந்து தரலாம் என்கிறார். இன்னொரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டால் மயக்க டாக்டரை வைத்து முழுசாகத் தூங்க வைத்துச் செய்கிறோம், செலவு கூட ஆகும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது முழு மயக்கத்தில் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தூங்கிவிட்டால் இருமல் வராதுதானே? அப்படியென்றால் எல்லோருக்கும் ஏன் அப்படியே செய்வதில்லை?

ஸ்கோப்பி ரூம் அக்கா:

தம்பி, முதல் காரியமாக அந்தப் பெரியவரைக் கொஞ்ச நாளைக்கு உங்கள் வாசல் பக்கம் வரவிடாதீர்கள். நான் வேலை பார்ப்பதே ஸ்கோப்பி ரூமில்தான். பயந்து வருகிறவர்தான் அதிகம் இருமுவார், இதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். பயத்தில் மூச்சு வேகமாக வாங்கும், தொண்டையை இறுக்கிக்கொள்வார்கள், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள், குழாய் தொண்டைக்கு வருமுன்பே பாதி சண்டை ஆரம்பித்துவிடும்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், வாப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கையில் ஒரு ஊசி போட்டு வைப்போம். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற மீட்டர், கையில் பிரஷர் பட்டை. பல்செட் இருந்தால் கழற்றச் சொல்வோம். மூச்சிழுப்பு உள்ளவராக இருந்தால் மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மருந்தை முன்னாடியே நெபுலைசரில் வைப்போம். அப்புறம் எந்த மூக்கு விசாலமாக இருக்கிறதோ அதில் மரக்கிற ஜெல்லை விடுவோம், உறிஞ்சி உள்ளே இழுக்கச் சொல்வோம். வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லச் சொல்லி சைலோகைன் ஸ்ப்ரே அடிப்போம். அது கசக்கும். கசப்பென்றால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. கொஞ்ச நேரத்தில் தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது மாதிரியும், எச்சில் இறங்காத மாதிரியும் இருக்கும். நிறையப் பேர் பயந்து எழுந்து உட்காருவது இந்த இடத்தில்தான். உண்மையில் வீக்கம் எதுவும் இல்லை. மரத்துவிட்டது, அதனால் விழுங்குவது தெரியவில்லை, அவ்வளவுதான். மூச்சு தாராளமாகப் போய்வரும். எச்சிலை விழுங்காமல் ஓரமாக வழியவிடச் சொல்லுங்கள், துடைக்க நாங்கள் இருக்கிறோம்.

படுத்த பிறகு கண்மேல் பஞ்சுத்துணி வைப்போம், மருந்து சிந்திக் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. மூக்கிலேயே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும். குழாய் மூக்கைத் தாண்டிக் குரல்வளைக்கு வந்ததும் டாக்டர் நிறுத்துவார், அங்கே மருந்தை விடுவார், ஒரு இருமல் வரும், பொறுப்பார். அப்புறம் மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, இழுக்கும்போது குரல்வளை விரிகிற அந்த நேரத்தில் உள்ளே நுழைவார். சாதம் புரையேறினால் ஒரு கணம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு கணம். அதைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குழாய் தடிமன் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், மூச்சுக்குழாய் அதைப்போல மூன்று மடங்கு அகலம். குழாயைச் சுற்றிக் காற்று போக இடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், குழாய் குரல்வளையில் இருக்கும்போது பேச வராது, பேச முயன்றால் இருமல்தான் வரும். ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்கினால் போதும், டாக்டர் நிறுத்துவார். இந்தக் கை சைகையை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் ஆட்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

மயக்கமருந்துக்காரன்:

அக்கா சொன்னதற்கு மேல் நடைமுறையில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் மயக்க மருந்துத் துறை என்பதால், ‘தூங்கிவிட்டால் இருமல் வராதுதானே’ என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். இல்லை தம்பி, அது அப்படி இல்லை.

பயம் வேறு, இருமல் வேறு. இரண்டுக்கும் மருந்து வேறு. குரல்வளையிலும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற கவட்டையிலும் உணர்வு நரம்பு மிக அதிகம், உள்ளே சின்னக் கிளைகளுக்குப் போகப் போகக் குறையும். இருமலை அடக்குவது அந்த இடங்களில் நேராகப் படுகிற லிக்னோகைன்தான், நீங்கள் கேள்விப்படுகிற சைலோகைன் என்பதும் அதுவே. பட்டவுடன் வேலை செய்யாது, சில நிமிடம் கொடுக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்த கையோடு குழாயை நுழைத்தால் மருந்து கொடுத்தும் கொடுக்காத கதைதான்.

மிடசோலம் என்கிற தூக்க மருந்து பயத்தைக் குறைக்கும், நடந்ததில் பெரும்பகுதி நினைவில் நிற்காமல் செய்யும். ஆனால் அது இருமல் மருந்து இல்லை. குரல்வளை சரியாக மரக்காத ஒருவருக்கு மிடசோலத்தை மட்டும் ஏற்றினால் அரைத்தூக்கத்தில் இருமுவார், அதோடு ‘கையை எடுங்க ஐயா’ என்றால் புரிந்துகொள்கிற நிலையிலும் இருக்க மாட்டார். நாலு பேர் கை காலைப் பிடிக்கிற நிலைமை அப்படியும் வரும். ஃபென்டனில் என்று ஒன்று உண்டு, மார்ஃபின் வகையறா, அது இருமலை உண்மையாகவே மட்டுப்படுத்தும். ஆனால் மூச்சு விடும் வேகத்தையும் சேர்த்துக் குறைக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால், தனித்தனியாகக் குறைப்பதைக் கூட்டினால் வருவதைவிட அந்தக் குறைவு அதிகமாகவே இருக்கும். அதனால்தான் துளித்துளியாகக் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்து, அப்புறம் கொடுப்போம். வயதானவர்களுக்குப் பாதி அளவில் ஆரம்பிப்போம். மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்ஸோன் என்று முறிமருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சரி, இருமலே வராத ஆழத்துக்குத் தூங்க வைத்தால்? வைக்கலாம். புரோபோஃபால் என்கிற மயக்க மருந்தை ஓடவிட்டால் தூங்குவார். ஆனால் மற்ற ஆபரேஷனில் மூச்சுப் பாதை முழுக்க என் கையில் இருக்கும், இங்கே டாக்டரின் குழாய் போகிறதே அதே பாதைதான் எனக்கும். பல வருஷம் பீடி குடித்த நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு எளிதாகத் தேங்கும். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருப்பதால் விரல் மீட்டர் 98 காட்டும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே மூச்சு குறைந்து கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை அந்த மீட்டர் காட்டவே காட்டாது. அதனால்தான் ஆழ மயக்கம் என்றால் தனியாக ஒரு மயக்க டாக்டர் வேண்டும் என்பது. காசு பிடுங்குகிற ஏற்பாடு என்று அதை நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. இருமலை அடியோடு நிறுத்துவது நமக்கே நல்லதில்லை. சதை எடுத்த இடத்தில் கசிகிற ரத்தத்தையும், கழுவ விட்ட தண்ணீரில் மிச்சத்தையும் வெளியே தள்ளுவது அந்த இருமல்தான்.

அம்பாசமுத்திரம் டீச்சர்:

டாக்டர்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் படுத்துப் பார்த்தவள் என்ற முறையில் நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இது ஒரு தடவைக்கு மேல் செய்திருக்கிறார்கள். முதலில் செய்த இடம் எதுவென்று எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வெளியே இருபது பேர் வரிசை. உள்ளே போனேன், வாயைத் திற என்றார்கள், ரெண்டு தடவை ஸ்ப்ரே அடித்தார்கள், அது தொண்டையில் பட்டதோ நாக்கில் பட்டதோ, உடனே குழாய். நான் இருமின இருமலில் கட்டிலே ஆடியது. ‘இருமாதீங்கம்மா, இருமாதீங்கம்மா’ என்று அதட்டல் வேறு. இருமாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் இருமப் போகிறேன்? கண்ணில் தண்ணீர், மூக்கில் ரத்தம். அன்றைக்கு எனக்குத் தூக்க மருந்து ஒன்றும் தரவில்லை, வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

பிறகு வேறொரு இடத்தில் செய்தபோது, கால் மணி நேரம் முன்னாலேயே உட்கார வைத்து ஜெல், ஸ்ப்ரே என்று நிதானமாகக் கொடுத்தார்கள், நடுவில் விட்டு விட்டு அடித்தார்கள். கழுத்தில், குரல்வளைக் கட்டைக்குக் கீழே, ஒரு ஊசியும் போட்டார்கள். ஊசி போகும்போது ஒரே ஒரு பலமான இருமல், அவ்வளவுதான், அதற்குப் பிறகு உள்ளே குழாய் போவது தொட்டுணர்கிற மாதிரி இருந்ததே தவிர இருமல் என்று பெரிதாக இல்லை. கொஞ்சமாகத் தூக்க மருந்தும் கொடுத்தார்கள். டாக்டர் ஏதோ கேட்டதும் நான் தலையாட்டியதும் அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது.

அதனால் தம்பி, லேசான தூக்க மருந்தாவது கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். ‘இது ஒண்ணுமே இல்லை’ என்று சொல்கிற டாக்டரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மயக்கமருந்துக்காரன்:

டீச்சர் சொல்கிற கழுத்து ஊசி இப்போது நம் நாட்டில் பல இடங்களில் நன்றாகப் பழகிவிட்டது. குரல்வளைக்குக் கீழே இரண்டு குருத்தெலும்புக்கு நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், அதன் வழியாக மூச்சுக்குழாய்க்குள் நேராகச் சில மில்லி லிக்னோகைன். மருந்து போன கணமே இருமல் வரும், ஊசியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு இருமல்தான் மருந்தை மேலே குரல்வளைக்கும் கீழே கவட்டைக்கும் தெளித்துவிடுகிறது. கழுத்தில் ஊசி என்றதும் ஆட்கள் மிரளுவார்கள், அதனால் சில டாக்டர்கள் விரும்புவதில்லை. கழுத்து குட்டையாக இருந்தாலோ, தைராய்டு வீக்கம் இருந்தாலோ, ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ போடவும் கூடாது.

மருந்தை அதிகமாக ஊற்றினால் நன்றாக மரக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பொதுவாக எடையில் ஒரு கிலோவுக்கு 7, 8 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். வாப்பா 50 கிலோ என்றால் மொத்தம் 400 மில்லிகிராம்தான் உச்சம். 10 சதவீத ஸ்ப்ரே ஒரு அழுத்துக்கு 10 மில்லிகிராம், பத்து அழுத்து என்றால் 100. மூக்கில் விடுகிற 2 சதவீத ஜெல் 5 மில்லி என்றால் இன்னொரு 100. அப்புறம் உள்ளே போகப் போகக் குழாய் வழியாக விடுகிற மருந்து, 2 சதவீதக் கரைசலில் 2 மில்லி வீதம் ஐந்து இடத்தில் விட்டால் 200. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதையே 1 சதவீதத்தில் விட்டால் 100 தான் ஆகும், கையில் மிச்சம் இருக்கும். சண்டிகர் பிஜிஐ ஆஸ்பத்திரியில் இரண்டையும் ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள், 1 சதவீதமே இருமலை அதே அளவுக்கு அடக்குகிறது என்று வந்தது. அளவு மீறினால் உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் ரீங்காரம், அப்புறம் வலிப்பு வரைக்கும் போகலாம். கல்லீரல் கெட்டவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் உச்சவரம்பு இன்னும் கீழே.

சில இடங்களில் லிக்னோகைனை நெபுலைசரில் வேறு வைப்பார்கள். இந்திய நெஞ்சு டாக்டர்கள் சங்கங்கள் சேர்ந்து 2019-ல் போட்ட வழிகாட்டுதலிலேயே அது வேண்டாம் என்றுதான் இருக்கிறது, மருந்துக் கணக்குதான் ஏறும். சளி வற்றட்டும் என்று அட்ரோபின் ஊசி போடுகிற பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது, அதையும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

பேட்டை மணி:

அண்ணாச்சி, இவ்வளவு விளக்கம் எல்லாம் எதற்கு. என் மச்சானுக்கு முழுத் தூக்கத்தில்தான் செய்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது, எழுந்து உட்கார்ந்து ‘ஆரம்பிச்சாச்சா’ என்று கேட்டார். இருமலாவது ஒன்றாவது. காசு இருக்கிறவனுக்குத் தூக்கம், இல்லாதவனுக்கு இருமல், அவ்வளவுதான் விஷயம்.

மயக்கமருந்துக்காரன்:

மணி, முக்கால் மணி நேரம் என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் மச்சானுக்குச் செய்தது பெரும்பாலும் ஈபஸ் ஆக இருக்கும். நெஞ்சுக்குள் மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிற நெரிகட்டியில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி குத்தி எடுப்பது. அந்தக் குழாய் தடிமன் கூட, வாய்வழியாகத்தான் போகும், ஊசி குத்தும்போது ஆள் இருமி அசையக்கூடாது. அதற்கு நானும் கொஞ்சம் கூடுதலாகத்தான் மருந்து கொடுப்பேன். பெரிய துண்டாகச் சதையை உறைய வைத்து எடுக்கிற கிரையோ பயாப்சி, இரும்புக் குழாய் வைத்துச் செய்வது, குழந்தை வேர்க்கடலையையோ புளியங்கொட்டையையோ மூச்சில் இழுத்துக்கொண்டு வருவது, இதெல்லாம் பெரும்பாலும் முழு மயக்கம்தான். வாப்பாவுக்குச் சொல்லியிருப்பது கழுவி எடுப்பதும் சின்னச் சதையும். நிதானமாக மரக்க வைத்தால் கால் மணி, இருபது நிமிட வேலை.

காசு விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுக்க மறுக்க மாட்டேன். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் தூக்க மருந்து கொடுத்தால், முடிந்த பிறகு ஒரு கட்டிலும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். அது இல்லாமல் பல இடங்களில் தவிர்க்கிறார்கள். ஆனால் தொண்டையை மரக்க வைக்கிற நேரத்தைக் கொடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, டீச்சருக்கு முதல் தடவை நடந்ததற்கு ஏழ்மை காரணம் இல்லை, அவசரம்தான் காரணம்.

ஒரு பழைய சங்கதி. 1897-ல் ஜெர்மனியில் கில்லியன் என்கிற டாக்டர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் மாட்டிய எலும்புத் துண்டைக் குழாய் விட்டு எடுத்தார். அப்போது வளைகிற குழாயே கிடையாது, நேரான இரும்புக் குழாய், ஆள் விழித்துக்கொண்டுதான் இருந்தார், கொக்கைனைத் தடவித் தொண்டையை மரக்க வைத்துத்தான் செய்தார்கள். வளைகிற குழாயை ஜப்பானில் இகேடா கொண்டுவந்தது 1960-களின் பிற்பாதியில்தான். அந்த இரும்புக் குழாய்க்கே தாங்கியதென்றால் இந்த 5 மில்லிமீட்டருக்குத் தாங்காதா.

மேலப்பாளையத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். கசப்பு வரை பொறுமையாகக் கேட்டார், ‘கையைத் தூக்கினா நிறுத்துவாங்களா’ என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். டீச்சர் எழுதிய முதல் பாதியைப் படிக்கவில்லை, மன்னிக்கணும்.

ஒரு சந்தேகம். வாப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. ரத்தம் நீர்க்கிற மாத்திரைகளான ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் போடுகிறார். சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. இதனால் தூக்க மருந்து கொடுப்பதில் சிக்கல் வருமா?

ஸ்கோப்பி ரூம் அக்கா:

தம்பி, தூக்க மருந்தை விடுங்கள், சதை எடுப்பதற்குத்தான் இது முக்கியம். நாளைக்கே நெஞ்சு டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சும்மா பார்ப்பதற்கும் கழுவி எடுப்பதற்கும் இந்த மாத்திரைகள் பெரிய தடை இல்லை. சதை எடுப்பதானால் குளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரலாம். ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் வைத்த இதய டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் வந்து, அன்றைக்குக் காலையில் மேஜையில் படுத்த பிறகு ‘ரத்தம் நீர்க்கிற மாத்திரை போடுறேன்’ என்பவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு வாடிக்கை.

முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி. காலையில் வெறும் வயிறு. எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் விடுவார்கள், சாப்பாட்டுக்கு 6 மணி நேரம். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போடக்கூடாது, கையில் எடுத்து வாருங்கள், சாப்பிட்ட பிறகு போடலாம். பிரஷர் மாத்திரை இருந்தால் ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வார்கள்.

முடிந்ததும் வாப்பா முதலில் காபி கேட்பார், எல்லோரும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் காபி நுரையீரலுக்குப் போகும், அவருக்குத் தெரியவும் தெரியாது. ஒன்றரை, ரெண்டு மணி நேரம் கழித்து உட்கார வைத்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், இருமாமல் விழுங்கினால் அப்புறம் கஞ்சி, இட்லி எதுவானாலும் கொடுக்கலாம். சாயங்காலம் காய்ச்சல் வரலாம், கழுவி எடுத்தவர்களுக்கு அது சகஜம், பாரசிட்டமால் போதும். அடுத்த நாளும் விடாமல் அடித்தால் போன் பண்ணுங்கள். சளியில் ரத்தக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள், சதை எடுத்தவர்களில் சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிடும். அதைப் பார்க்கத்தான் சதை எடுத்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு அனுப்புவது.

தூக்க மருந்து வாங்கியிருந்தால் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் போடக் கூடாது. உங்கள் பைக்கில் பின்னால் உட்கார வைத்து மேலப்பாளையத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அரைத்தூக்கத்தில் வண்டியிலிருந்து சரிவார். ஆட்டோ பிடியுங்கள்.

மயக்கமருந்துக்காரன்:

ஸ்டென்ட் உள்ளவர் என்பதால் இன்னொன்று. இருமலும் பயமும் சேர்ந்தால் நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறும், இதயத்துக்கு அது கூடுதல் வேலை. இப்படிப்பட்டவருக்கு லேசான தூக்க மருந்து கொடுப்பது நல்லதுதான், நான் ஆழ மயக்கத்துக்குத்தான் தயங்குகிறேன். டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் ‘முழு மயக்கம் தருவீர்களா’ என்று இல்லை. மரக்க வைக்க எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள், லேசான தூக்க மருந்து உண்டா, அதைக் கொடுத்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, ஸ்கோப்பி செய்கிறவர் தவிர வேறு யார் இருப்பார்கள், இவ்வளவு கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொன்னால் அங்கேயே செய்யலாம்.

சளியில் டிபி இல்லை என்று வந்தாலும் கழுவிய தண்ணீரை, டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் டெஸ்டுக்கும் அனுப்பச் சொல்வார்கள். சளியில் அகப்படாத டிபி அதில் அகப்படுவது உண்டு. அதனால்தான் ரூமில் எல்லோரும் தடிமனான மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்பார்கள், வாப்பா பார்த்து மிரண்டுவிடப் போகிறார், முன்னாடியே சொல்லி வையுங்கள்.

மேலப்பாளையத்தான்:

கேட்டேன். இதய டாக்டர் குளோபிடோக்ரெலை நிறுத்த எழுதிக் கொடுத்துவிட்டார், ஆஸ்பிரின் தொடரச் சொன்னார். நெஞ்சு டாக்டர் அதற்கேற்றபடி தேதியை ஒரு வாரம் தள்ளிவிட்டார். லேசான தூக்க மருந்து தருவோம், பக்கத்தில் ஒரு டாக்டர் அதற்கென்றே நிற்பார், ஒன்பது மணிக்கு ஆரம்பிக்க எட்டேகாலுக்கே வந்து உட்காருங்கள் என்றார். கழுத்து ஊசி போடுவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, போடலாம் என்றார். வாப்பாவிடம் அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை, சொல்லணுமா?

ஸ்கோப்பி ரூம் அக்கா:

கட்டாயம் சொல்லணும். ஊசி போடும்போது வாப்பா விழித்துத்தான் இருப்பார். கழுத்தில் கை வைத்ததும் அவர் தலையைத் திருப்பினால் எங்களுக்குத்தான் சிரமம்.